தேர் பார்க்கக் காரிலே போகும் அன்பர்களுக்கு

நலவாழ்வுப் பகுதி

யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களிலே நான்கு பொருள்களைக் காணலாம். வழிப்போக்கர் படுத்துறங்க ஒரு மடம். தாகந் தீர்க்க ஒரு கேணி. தலைச்சுமையைப் பிறர் கைகொடுக்காமலே இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி. மாடுகள் தினவு தீர உடம்பை உரஞ்சிக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறைத் தெருமூடிமடம் இவற்றுள் ஒரு படி மேலே போனது. அது வீதியின் ஓரத்திலே நிற்பதில்லை. வீதியின் மேலேயே கூரை கவிந்து நிற்கிறது. இருபுறமும் திண்ணை. அந்த வழியாற் போகிற எவரும் அதனூடாகத்தான் போக வேண்டும்.

இவற்றையெல்லாம் கட்டுவித்தவர்கள் புண்ணியங் கருதிக் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த ஏற்பாட்டிலே ஒரு நுட்பமும் இருக்கிறது. மடம் முன்னரே கட்டப்பட்டிருப்பதால், களைத்தவன் "களைத்துவிட்டேன்" என்று எவரிடமும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. திண்ணையைக் கண்டால் உட்காருவான். சுமைதாங்கியைக் கண்டால் இறக்குவான். கூட வருபவர்களும் அவ்வாறே செய்வார்கள். இளைப்பாறுதல் வெட்கத்துக்குரிய காரியமாக இல்லாமல், வழியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்களும் இம்முறையையே கைக்கொண்டு வந்திருக்கிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கீழ்க்கரை வழியே பல வாரங்கள் நடக்கும் யாத்திரை அது. வழியிலுள்ள கோயில்களே தங்குமிடங்கள். இன்ன நாள் இன்ன கோயில் என்று கணக்கிட்டே நடப்பார்கள். கொடியேற்றத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கும் உண்டு. அதற்காக அவர்கள் முன்கூட்டியே புறப்பட்டார்களேயன்றி, இரவிரவாக நடக்கவில்லை.

இலண்டனில் வாழும் அடியார்களுக்கு இன்று வேறொரு யாத்திரை வாய்த்திருக்கிறது. ஜேர்மனியில் ஹம் நகரத்தின் புறத்தே, 2002ஆம் ஆண்டிலே கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. 17 மீற்றர் உயரமான இராசகோபுரத்தோடு, திராவிட முறையிலே அமைந்த கோயில். 1985இல் இலங்கையிலிருந்து அகதியாக அந்நாட்டுக்கு வந்த ஒரு சிவாசாரியாரின் முயற்சியால் எழுந்தது. கோடை தொடங்கும் காலத்திலே ஞாயிற்றுக்கிழமையன்று நடைபெறும் தேருக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் வருகிறார்கள். இலண்டனிலிருந்து வருபவர்களிற் பலர் காரிலும் வானிலும் வருகிறார்கள். டோவர், கலே, பெல்ஜியம், ஒல்லாந்து, ஜேர்மனி என ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 மைல். நான்கு தேசங்களைக் கடந்து ஒரு தேர்.

இலண்டன்வாசிகளுக்கு நெடுந்தூர வீதிப் பயணம் புதிதன்று. 1957 ஏப்பிரல் 15ஆந் திகதி, 'இந்தியாமன்' என்ற பெயருடைய பஸ் ஒன்று 20 பிரயாணிகளோடு இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஜூன் 5ஆந் திகதி கல்கத்தாவைச் சென்றடைந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண். திரும்பி இலண்டனுக்கு வந்தது ஓகஸ்ற் 2ஆந் திகதி. குறித்த நாளுக்கு 16 நாள் பிந்தி. பின்னர் பல ஆண்டுகளாக இந்தத் தரைவழியிலே பஸ்களும் வான்களும் ஓடின. 1979இல் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் நிலைமை மாறியதோடு அந்தப் பாதை அடைபட்டது. ஏழாயிரம் மைலுக்கு மேல் போகிறவன் பிந்துவதைப் பொருட்படுத்துவதில்லை. எங்கே படுப்பது என்பதைத்தான் முதலில் யோசிப்பான். ஆபத்து, நானூறு மைல் போகிறவனிடந்தான் இருக்கிறது. அவனுக்கு அது ஒரே மூச்சிலே முடிக்கக்கூடிய தூரமாகத் தெரிகிறது.

ஒரு கணக்கு

வழமையாக நடப்பதைப் பார்ப்போம். குடும்பத்திலே கார் ஓட்டுபவர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழும்புகிறார். கடையிலோ அலுவலகத்திலோ வேலை. மாலையிலே வீடு வந்து, குளித்து, பொருள்களை ஏற்றி, இரவு பத்து மணிக்குப் புறப்படுகிறார். நள்ளிரவுக்குப் பின் டோவரிலே கப்பல். கப்பலிலே பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, வரிசையிலே நின்று, கண் அயராமலே கலேயில் இறங்குகிறார். ஞாயிறு காலை, இலண்டன் நேரப்படி ஆறு மணிக்கு அவர் ஜேர்மன் நெடுஞ்சாலையிலே மணிக்கு எழுபது மைல் வேகத்திலே போய்க்கொண்டிருக்கிறார். அப்பொழுது அவர் விழித்திருந்த நேரம் 24 மணி.

1997இலே அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 'நேச்சர்' சஞ்சிகையிலே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையுங் கண்ணும் ஒத்து இயங்கும் திறன், இரத்தத்திலே 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலை. இங்கிலாந்திலே கார் ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.08, ஜேர்மனியிலே 0.05. ஆகவே, வாழ்நாளிலே மதுவைத் தொட்டறியாத, விரதம் இருந்து திருநீறு பூசிய ஓர் அடியார், வெறிகாரர் ஒருவரின் நிலையிலே, தன் தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். பொலிஸார் மறித்து ஊதச் சொன்னால் கருவி ஒன்றுங் காட்டாது. தூக்கத்தை அளக்கும் ஊதுகுழல் இன்னும் வரவில்லை.

இன்னும் கணக்கு முடியவில்லை. தேர் நாள் முழுவதும் வெயிலிலே வெறுங்காலோடு நின்று, வடம் பிடித்து, அன்னதானத்திலே வயிறார உண்டு, மாலையிலே அவரே மீண்டும் சாவியை எடுக்கிறார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை இருக்கிறது என்பதே காரணம். போகும்போது உற்சாகமாவது விழிக்க வைத்தது. திரும்பும்போது அதுவும் இல்லை. பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நித்திரை.

எப்பொழுது, ஏன்?

லப்பறோ பல்கலைக்கழகத்திலே தூக்கத்தை ஆராய்ந்த ஹோர்ண், ரெயினர் என்ற இருவர், இங்கிலாந்துப் பொலிஸ் பதிவுகளைப் பரிசீலித்து 1995இலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த வீதி விபத்துகளில் 16 வீதமானவை தூக்கத்தால் விளைந்தவை. மோட்டர்வேக்களிலே ஐந்தில் ஒன்றுக்கும் மேல். இவை அதிகரிக்கும் நேரங்கள் மூன்று: அதிகாலை இரண்டு மணியளவு, காலை ஆறு மணியளவு, பிற்பகல் நான்கு மணியளவு. உடம்புக்குள்ளே ஓடும் கடிகாரம் அந்நேரங்களிலே தாழ்ந்துபோவதே காரணம். உறுதியான மனமுள்ளவரும் அக்கடிகாரத்தை மாற்ற முடியாது. பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலும், நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை நெடும்பயணத்தைத் தவிர்க்கும்படியே கூறுகிறது.

தூக்கம் ஒருவரை முழுதாக விழுத்துவதற்கு முன் துண்டுதுண்டாக வரும். மூன்று நான்கு விநாடிகள் மூளை அணைந்துபோய் மீண்டும் எரியும். கண் திறந்திருக்கவும் இது நிகழலாம். எழுபது மைல் வேகத்திலே நான்கு விநாடியில் கார் 125 மீற்றர் ஓடிவிடும். தூங்கியவர் பிரேக்கை அழுத்துவதில்லை; திருப்புவதுமில்லை. அதனாலேதான் இத்தகைய விபத்துகளிலே உயிர்ச்சேதம் அதிகம்.

2001 பெப்ரவரி 28ஆந் திகதி காலை ஆறே கால் மணியளவிலே, யோர்க்ஷயரில் எம் 62 நெடுஞ்சாலையால் வந்த ஒரு வாகனம், அதை ஓட்டியவர் கண்ணயர்ந்ததால், சரிவிலே உருண்டு கீழேயிருந்த ரயில் பாதையிலே விழுந்தது. இலண்டன் நோக்கி வந்த கடுகதி ரயில் அதன்மேல் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த நிலக்கரி ரயிலோடு மோதிற்று. பத்துப் பேர் மாண்டனர். வாகனத்தை ஓட்டியவர் உயிர் தப்பினார். முதல்நாள் இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை என்று வழக்கிலே கூறப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. தூக்கம் வருகிறது என்று தெரிந்தும் ஓட்டுவது விதியின் செயலன்று. குற்றம் என்பதையே சட்டம் அன்று சொல்லிற்று.

கண்ணாடியை இறக்கிக் குளிர்காற்று வாங்குவது, பாட்டைப் பெரிதாகப் போடுவது, கன்னத்திலே தட்டுவது ஆகியவை பயன்படா. குளிர்காற்றையும் வானொலியையும் அதே ஆய்வாளர்கள் பரிசோதித்து, அவற்றின் பயன் சொற்பம் என்றும், அதுவும் சில நிமிடமே என்றும் கண்டார்கள். பயன் தருவது ஒன்றுண்டு. பாதுகாப்பான இடத்திலே காரை நிறுத்தி, இரண்டு கோப்பை நல்ல கோப்பி குடித்து, உடனேயே ஆசனத்தைச் சாய்த்து 15 நிமிடம் தூங்க வேண்டும். கோப்பியின் சத்து மூளையைச் சென்றடைய 20 நிமிடம் வரை ஆகும். அதற்குள் குட்டித்தூக்கமும் முடிந்திருக்கும். ஆயினும் இது அடுத்த தங்குமிடத்தைச் சென்றடைவதற்கான உபாயமேயன்றி, இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது.

மடம்

ஆகவே பயணத் திட்டத்திலே முதலில் எழுதப்பட வேண்டியது படுக்கை; அதன் பின்னரே பாதை. ஓர் உதாரணம்: சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முதல்நாள் நன்றாகத் தூங்கியபின், இலண்டனை விட்டுப் புறப்படுக. எட்டரை மணியளவிலே டோவர். கப்பலிலே ஒன்றரை மணி நேரம். அந்நேரம் ஓட்டுபவர் கண்ணை மூடி இருக்கட்டும், தேநீர் வாங்க மற்றவர்கள் போகலாம். ஐரோப்பியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவதால் கலேயில் நண்பகல். கென்ற் நகருக்கு அருகே முதல் தரிப்பு, கட்டுச்சோறு, ஓட்டுபவர் மாறுதல். ஐந்தோவன் அருகே இரண்டாவது தரிப்பு. வீதி நெரிசல் இல்லாவிட்டால் மாலை ஏழு மணியளவிலே ஹம்மையோ, அருகேயுள்ள டோர்ட்முண்டையோ அடையலாம். அங்கே இராத்தங்கல். ஞாயிறு தேர். ஞாயிறு இரவும் அங்கேயே தூக்கம். திங்கள் காலையிலே திரும்பல்.

இதற்கு மேலதிகமாகச் செல்லும் செலவு, இரண்டு இரவு அறை வாடகையும் திங்கட்கிழமை ஒருநாள் லீவும். பட்டுச்சேலைக்கும் அர்ச்சனைக்கும் செலவிடும்போது கணக்குப் பார்க்காத கை, அறை வாடகைக்கு மாத்திரம் கணக்குப் பார்ப்பது பொருந்தாது. உறவினர் வீட்டிலே தங்குபவர்கள், ஓட்டுபவரை இரவு ஒரு மணிவரை கதையிலே இருத்தி வைக்கலாகாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கூலிக்குப் பெரிய பஸ் ஓட்டும் சாரதி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்று பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. மீறினால் முதலாளிக்கும் தண்டம். சொந்தக் காரிலே சொந்தக் குடும்பத்தை ஏற்றிச் செல்பவருக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நிறுத்தும்படி வீதி ஒழுங்கு நூல் புத்திமதி சொல்கிறது, அவ்வளவுதான். அவருக்கான சட்டத்தை அவருடைய குடும்பமே இயற்ற வேண்டும்.

இங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது. நம்மவர் கார்களிலே ஓட்டுபவர் பெரும்பாலும் மருமகன்; பின்னால் இருப்பவர் மாமியார். "எனக்கு நித்திரை வருகுது" என்று மாமியார் முன்னிலையிலே சொல்ல மருமகனுக்குக் கூச்சம். "தம்பி, கொஞ்சம் நிற்பாட்டும்" என்று மருமகனிடம் சொல்ல மாமியாருக்கும் கூச்சம். கார் ஒருமுறை கோட்டை விட்டு விலகி மீள்வதை மனைவி காண்கிறாள். "இன்னும் ஒரு மணித்தியாலந்தானே" என்று கணவன் சொல்கிறான். அவளும் பேசாமல் இருந்துவிடுகிறாள். மரியாதை எல்லோர் வாயையும் கட்டிவிடுகிறது. இதற்குப் பரிகாரம் பழைய மடத்தின் முறையே. தரிப்பிடங்களையும் நேரங்களையும் வீட்டிலேயே ஒரு தாளிலே எழுதி, எல்லோருங் காணக் காரின் முன்னே ஒட்டிவிடுக. பிறகு நிறுத்தும்படி எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை. தாள் சொல்கிறது, கார் நிற்கிறது. முன் ஆசனத்திலே இருப்பவர் தூங்கக் கூடாது என்பதையும் அதே தாளிலே எழுதலாம்.

கேணி

நம் வீட்டு மூதாட்டிகள் நெடும்பயணம் என்றால் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியிலே கழிப்பறை சுத்தமாக இராது. அடிக்கடி காரை நிறுத்தினால் பிள்ளைகளுக்குக் கரைச்சல் என்ற எண்ணம். இது மிகவும் கெடுதல். தண்ணீர் குறைந்தால் தலைச்சுற்று, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு ஆகியவை வரும். பிரஷருக்கு நீர்போகும் குளிசை எடுப்பவர்கள் வெயிலிலே நிற்கும்போது மயங்கி விழவும் கூடும். குளிசையைத் தாமாக நிறுத்தாமல், பயணத்துக்கு முன் தத்தம் வைத்தியரிடம் நேரத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கால் அசையாமல் இருப்பதும் கவனிக்கத்தக்கது. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்திலே, விமானமாயினும் காராயினும் பஸ்ஸாயினும், காலிலுள்ள ஆழ்நாளங்களிலே இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலே வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சுகதேகிகளுக்கு இந்த ஆபத்து மிகச் சிறியதே. முன்னொருமுறை இரத்தம் உறைந்தவர்கள், அண்மையிலே சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், மிகவும் பருத்தவர்கள் ஆகியோர் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். மற்றவர்களுக்கு, தரிப்பிடத்திலே இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதும், காருக்குள் கணுக்காலை மேலுங் கீழும் அசைப்பதும் போதும். பயணத்துக்குப் பின் ஒரு கால் மாத்திரம் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டிலே இராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விரதமும் சலரோகமும்

அம்பாளைத் தரிசிக்கும்வரை பச்சைத்தண்ணீரும் பல்லிலே படாமல் இருப்போர் உண்டு. விரதம் இருப்பவர் பின் ஆசனத்திலே இருக்கட்டும். சலரோகத்துக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் உண்ணாமல் கார் ஓட்டவே கூடாது. இரத்தத்திலே சீனி குறைந்தால் முதலிலே வியர்வை, நடுக்கம், பசி. பிறகு தடுமாற்றம், காரணமில்லாத கோபம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சத்தமிடுவதே ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

இன்சுலின் போடுபவர்கள் தம் நிலையைச் சாரதிப் பத்திரம் வழங்கும் டி.வி.எல்.ஏ. அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அலுவலகம் கூறும் விதிகள் எளியவை. புறப்படுவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், ஓட்டத் தொடங்கியபின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சீனியைப் பார்க்க வேண்டும். அளவு 5க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏதேனும் உண்ட பிறகே ஓட்டலாம். 4க்குக் கீழ் என்றால் ஓட்டவே கூடாது. ஓடும்போது சீனி குறைந்தால் பாதுகாப்பாக நிறுத்தி, சாவியைக் கழற்றி, ஓட்டும் ஆசனத்தை விட்டு எழும்பி, குளுக்கோஸ் குளிசையோ இனிப்புப் பானமோ எடுக்க வேண்டும். அளவு சரியானபின்னும் 45 நிமிடம் கழியும்வரை ஓட்டலாகாது. இரண்டு மணி நேரத் தரிப்பும் இரண்டு மணி நேரப் பரிசோதனையும் ஒன்றாகவே அமைந்திருப்பது வசதிதான்.

இன்சுலினை வெயிலிலே நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வது அதைப் பழுதாக்கும். குளிர்ப்பையிலே வைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். தேர்க்காலம் புல்லின் மகரந்தம் பறக்கும் காலமும் ஆகும். தும்மலுக்கு எடுக்கும் பிரிற்றன் போன்ற பழைய குளிசைகள் தூக்கத்தை வரவழைக்கும். ஓட்டுபவர் அவற்றைத் தொடாமல், தூக்கம் அதிகம் தராத மருந்தை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம்.

சுமைதாங்கி

எதைக் கொண்டு போவது, எதை விட்டுவிடுவது? பிரித்தானியா ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகிய 2021 ஜனவரி முதல், பால், தயிர், நெய், மாமிசம் ஆகியவற்றையோ அவை சேர்ந்த உணவுகளையோ பிரயாணிகள் இங்கிருந்து அங்கே கொண்டுபோகத் தடை வந்தது. குழந்தைப் பால்மாவுக்கும் விசேட மருத்துவ உணவுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கட்டுச்சோறு தயிர்ச்சாதமாக இராமல் புளிச்சாதமாக இருக்கட்டும். அபிஷேகத்துக்குப் பாலை அங்கேயே வாங்கலாம். பூவுக்கும், மாவிலை வெற்றிலைக்கும், பெரும்பாலான பழங்களுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் வேண்டாத பழங்களாக ஐரோப்பிய விதி குறிப்பிட்டவை ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், முள்நாறிப்பழம். அர்ச்சனைத் தட்டிலே முக்கியமானவை இரண்டும் இதனுள் அடங்கிவிட்டன. எலுமிச்சம்பழம் அடங்கவில்லை, அதைச் சில்லுக்குக் கீழே வைத்து நெரிக்கும் காரியத்தை இலண்டனிலேயே முடித்துக்கொள்க. விதிகள் மாறக்கூடும், புறப்படுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மருந்துகளைப் பெரிய பெட்டியிலே பூட்டி வைக்காமல், இரண்டு நாளைக்கு மேலதிகமாக எடுத்துக் கைப்பையிலே வைத்திருக்க வேண்டும். மருந்துகளின் பெயர் எழுதிய தாளும் வேண்டும். ஐரோப்பிய அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே அவசர சிகிச்சைக்கு உதவும் சுகாதார அட்டையைப் பிரித்தானிய சுகாதாரச் சேவையிடம் கட்டணமின்றிப் பெறலாம். அது பிரயாணக் காப்புறுதிக்குப் பதிலாகாது, இரண்டும் தேவை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசாவுக்கு மாதக்கணக்கிலே முந்த வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டு, அங்கே நுழையும் நாளிலே வழங்கப்பட்டுப் பத்தாண்டு தாண்டாததாயும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாவதாயும் இருக்க வேண்டும்.

ஆவுரோஞ்சிக்கல்

மாட்டுக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைத்த முன்னோர், இன்று இருந்தால் சில்லின் காற்றைப் பார்க்கச் சொல்வார்கள். எட்டுப் பேரும் பொதிகளும் ஏறிய வானுக்கு வேண்டிய காற்றின் அளவு, வெறும் வானுக்கு வேண்டியதன்று. கையேட்டிலே பார்த்து நிரப்ப வேண்டும். எண்ணெய், தண்ணீர், பிரேக் ஆகியவற்றைப் புறப்படும் அன்று பாராமல் ஒரு வாரத்துக்கு முன் பார்ப்பிக்க வேண்டும். பிரான்சிலே எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் காருக்குள் இருப்பது கட்டாயம். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணிலே படாதபடி திருத்த வேண்டும். 'ஜிபி' ஒட்டிக்குப் பதிலாக 2021 செப்ரம்பர் முதல் 'யூகே' ஒட்டியே செல்லும். ஜேர்மனியிலே 12 வயதுக்கும் 150 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு அவர்களுக்குரிய ஆசனம் வேண்டும். இங்கே 135 சென்ரிமீற்றர் தாண்டியதால் ஆசனத்தைக் கழற்றியவர்கள் மீண்டும் பூட்ட வேண்டியிருக்கும். பிள்ளையை மடியிலே வைத்துக்கொண்டு போவது எந்த நாட்டிலும் கூடாது.

மாறி ஓட்டுபவரின் பெயர் காப்புறுதியிலே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கோயில் அன்பர்கள் பலர் சேர்ந்து மினிபஸ் எடுப்பதாயின், 1997 ஜனவரிக்குப் பின் சாரதிப் பரீட்சை சித்தியடைந்தவர்களுக்கு அதை ஓட்டும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. முன்னர் சித்தியடைந்தவர்களும் 70 வயதிலே வைத்திய அறிக்கை கொடுத்தே அவ்வுரிமையைத் தொடரலாம். ஐரோப்பாவிலே எங்கே விபத்து நேர்ந்தாலும் 112 என்ற இலக்கத்தை அழைக்கலாம். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

திரும்பி வருதல்

யாத்திரை என்பது போய்ச்சேருவதோடு முடிந்துவிட்டதாக எண்ணுவது பெருந்தவறு. வீடு வந்து, காலைக் கழுவி, விபூதியை அயலவருக்குக் கொடுத்த பின்னரே அது நிறைவுறுகிறது. தேர் இருப்பிடத்துக்கு வந்தபின்னும் வடத்தைச் சுற்றி எடுத்து வைத்துவிட்டே அடியார்கள் கலைவதைப் பார்த்திருக்கிறோம். ஞாயிறு மாலையிலே அவசரப்பட்டுப் புறப்படுபவர் அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்.

இவ்வாண்டு போக எண்ணியிருப்பவர்கள் இப்பொழுதே மூன்று காரியங்களைச் செய்யலாம்: திங்கட்கிழமைக்கு லீவு கேட்பது, சனி ஞாயிறு இரவுகளுக்கு அறை பதிவு செய்வது, தரிப்பிடங்களை ஒரு தாளிலே எழுதுவது. அந்தத் தாளை வீட்டிலே மூத்தவர் தம் கையாலே எழுதட்டும். மூத்தவர் எழுதியதை மருமகன் மீறமாட்டார். மாமியாரும் வாய்திறந்து கேட்க வேண்டியிராது. எல்லோரும் நலமே சென்று, அம்பாளைக் கண்குளிரத் தரிசித்து, நலமே வீடு திரும்புவார்களாக.